பதினொன்றுக்கு ட்ரிப் ஆகும் ரிலே

எலக்ட்ரீஷியனுக்குப் பட்டறை வட்டாரத்தில் ‘சந்தேகம்’ என்றுதான் பெயர். வீட்டைப் பூட்டி நாலு தடவை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து ஐந்தாவது தடவையும் இழுப்பார். ஆனாலும் அவர் மாட்டிய ஸ்விட்ச் ஒன்றுகூடக் கருகியதில்லை. அதனால் யாரும் வாய் திறப்பதில்லை.

மரம் உலர்த்தும் கூடத்தில், மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரே இன்வெர்ட்டரில் இரண்டு ஃபேன் மோட்டார்களை ஓட்டும் வேலை வந்தது. இன்வெர்ட்டருக்கு மொத்தக் கரண்ட்தான் தெரியும். எந்த மோட்டார் திணறுகிறது என்று தெரியாது. எனவே கரண்ட் மிஞ்சினால் சூடேறி அறுத்துவிடும் ஓவர்லோடு ரிலேயை மோட்டாருக்கு ஒன்றாக வைத்தார். அந்த ஃபேன்களை ஓட்டும் வேலையை முதலாளியிடம் சொல்லித் தன் மச்சினனுக்கே வாங்கிக் கொடுத்தார்.

முதல் நாளே பிடித்தது சனியன். ஒன்பது மணிக்கு ஓடத் தொடங்கினால் பதினொன்றுக்கு இரண்டாவது மோட்டாரின் ரிலே ட்ரிப் ஆகி, ஃபேன் நின்றுவிடும்.

“ரிலேல கரண்ட் அளவு வைக்குற டயலைத் திருகினியாடா?” என்று மச்சினனைக் கேட்டார்.

“சத்தியமா இல்ல மாமா.”

சத்தியம் என்றதும் சந்தேகம் இரட்டிப்பானது. மனைவியின் நகப்பாலிஷை எடுத்து டயலில் கோடு போட்டார். மறுநாளும் ட்ரிப், கோடு மயிரிழைகூட நகரவில்லை. திருகிவிட்டுப் பழையபடி வைத்திருப்பான், கைகாரன் என்று முடிவு கட்டினார்.

“என் தம்பி அப்படிப்பட்டவன் இல்ல” என்றாள் மனைவி.

“உன் தம்பின்னு ரிலேக்குத் தெரியுமா?”

முதலாளி காதிலும் போட்டார். மச்சினனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மனைவி பேச்சை நிறுத்தினாள்.

அடுத்த நாள் அவரே பேனல் முன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். ஈ, காக்கை அண்டவில்லை. பதினொன்றுக்கு ‘டப்’.

மீட்டரை எடுத்தார். திரும்ப ஓடவிட்டு அளந்தார். மோட்டார் பக்கத்தைவிடப் பேனல் பக்கம் கரண்ட் கூடுதல். கேபிள் நீளமானால் இன்வெர்ட்டர் கரண்ட் வழியிலேயே கொஞ்சம் கசியும்; மோட்டாருக்குப் போகாத அந்தக் கரண்டும் ரிலேயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றி, இரண்டு மணி நேரத்தில் ட்ரிப் ஆக்கிவிடும். அத்தனை நீளக் கேபிள் யார் போட்டது? மோட்டாருக்கு நேர்வழியில் இன்னொருவர் ஜாயின்ட் போட்டு இணைத்த பழைய கேபிள் இருந்தது. அதை நம்பாமல் கூடத்தையே சுற்றி இழுத்தவர் அவர்தான்.

நீளக் கேபிளை வெட்டி, அந்த ஜாயின்ட் வழியாகவே இணைத்தார். ஃபேன் சாயங்காலம் வரை ஓடியது. முதலாளியிடம் தன் தப்பைச் சொல்லிவிட்டு நேராக மச்சினன் வீட்டுக்குப் போனார்.

“உன் மேல தப்பே இல்லடா. நாளைக்கு வேலைக்கு வந்துடு.”

“வர்றேன் மாமா. மீட்டர் சொன்னதும் நம்பிட்டீங்க” என்றான் மச்சினன். “நான்தான் முதல் நாளே சொன்னேனே.”