பெரியம்மா கேட்டு வந்த கூண்டு

எனக்கு ஒன்பது வயது நடந்த வருஷம் எங்கள் தெருவில் யாரும் சேர்ந்தாற்போல் பத்து நிமிஷம் ஓரிடத்தில் உட்கார்ந்ததில்லை. குரங்குகள் உட்கார விடவில்லை. தெலுங்கும் தமிழும் கலந்த பார்டர் ஊரான எங்கள் நகரியில் விசைத்தறிச் சத்தம் கேட்காத தெரு அநேகமாகக் கிடையாது. அந்தச் சத்தம் குரங்குகளை விரட்டிவிடும் என்று முதலில் நம்பினோம். அவை ஒரே வாரத்தில் பழகிக்கொண்டன. கரண்ட் போய்த் தறிகள் நின்றால்தான் திடுக்கிட்டு ஓடின. காது கிழிந்த கிழட்டுக் குரங்கு ஒன்று ஓடுகிற தறிக்கு மேல் ஜன்னல் கம்பியில் உட்கார்ந்து, பாவு நூலை விரலால் இழுத்து இழுத்துப் பார்க்கும். அதற்கு மேஸ்திரி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

யாரோ வெளியூர்க்காரர்கள் லாரியில் கொண்டுவந்து எங்கள் மலையடிவாரத்தில் இறக்கிவிட்டுப் போன குரங்குகள் இவை என்று ஒரு பேச்சு இருந்தது. அந்த முகம் தெரியாத வெளியூர்க்காரர்களை அம்மா தினமும் காலையில் குழாயடியில் நின்று திட்டினாள். தன் வீட்டுக் குப்பையை அடுத்த வீட்டு வாசலில் தள்ளுகிறவன் விளங்குவானா என்பாள். மற்ற பெண்கள் குடம் நிரம்புகிற வரை ஆமாம் போட்டார்கள்.

தெருக்காரர்கள் தெலுங்கில் ஓர் அர்ஜி எழுதி முனிசிபல் ஆபீசில் கொடுத்தார்கள். குரங்கு காட்டு மிருகம், அது ஃபாரெஸ்ட்காரர்களுடையது என்றார்கள் அங்கே. அதே அர்ஜியை ஃபாரெஸ்ட் ஆபீசுக்குக் கொண்டுபோனால், ஊருக்குள் வந்துவிட்ட குரங்கு முனிசிபாலிட்டியைச் சேர்ந்தது என்றார்கள். நைனா, அதாவது என் அப்பா, தறி ஓட்டுகிற கூலியாள். தறியை விட்டு நின்றால் அன்றைக்குக் கூலி இல்லை. இருந்தும் இரண்டு ஆபீசுக்கும் நாலு தடவை அலைந்தார். கடைசியில் அந்த அர்ஜி எங்கள் வீட்டு அலமாரித் தட்டில் விரிக்கப்பட்டது.

அதுவரை இது தெருவின் தொல்லையாக இருந்தது. தம்பியை மேஸ்திரி கடித்த பிறகு எங்கள் வீட்டின் தொல்லையாகிவிட்டது. தம்பிக்கு நாலு வயது. கையில் வைத்திருந்த முறுக்கைக் கொடுக்க மாட்டேன் என்று இழுத்திருக்கிறான். முழங்கைக்குக் கீழே இரண்டு பல் ஆழமாக இறங்கிவிட்டது. ஊசி போட அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குத் திரும்பத் திரும்ப நடந்தாள். அவன் தூக்கத்தில் கையை உதறி உதறி எழுந்தான். நைனா சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து வாசலைப் பார்த்துவிட்டு வந்தார்.

சித்தப்பா, அதாவது நைனாவின் தம்பி, துணிப் பொதி ஏற்றுகிற ஒரு சின்ன லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். எந்தப் பிரச்சினைக்கும் அவரிடம் ஒரு வழி இருக்கும். அந்த வழியில் இன்னொரு பிரச்சினையும் இருக்கும். அவர் பட்டறையில் சொல்லி இரும்புக் கூண்டு ஒன்று செய்துகொண்டு வந்தார். உள்ளே வாழைப்பழச் சீப்பைக் கட்டித் தொங்கவிட்டு, கதவில் கயிறு கட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு எங்கள் மொட்டைமாடியில் இரண்டு நாள் படுத்திருந்தார். ஆஞ்சநேயரைக் கூண்டில் அடைக்கிறோமே என்று அம்மாவுக்குப் பயம். கூண்டுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, ஒரு தேங்காயும் உடைத்து உள்ளே வைத்தாள். பழத்தை விட அந்தத் தேங்காய்க்குத்தான் குரங்குகள் அதிகமாக உள்ளே போயின. குட்டியோடு ஒன்று, மேஸ்திரி, அப்புறம் அதன் கூட்டம். கதவு விழுந்ததும் தெருவே கைதட்டியது.

விடியற்காலையில் வண்டி கிளம்பியது. நைனாவும் சித்தப்பாவும் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். பட்டுப்பாவாடை கட்டிய பெண் குழந்தை முன்னால் உட்கார்ந்திருந்தால் வண்டியை யாரும் நிறுத்த மாட்டார்கள், கோயிலுக்குப் போகிறார்கள் என்று நினைப்பார்கள் என்பது சித்தப்பாவின் யோசனை. பின்னால் கூண்டைத் தார்ப்பாயால் மூடியிருந்தார்கள். அடர்ந்த காடு, சுனை, பழமரம் எல்லாம் உள்ள இடத்தில் விடப்போகிறோம் என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள். நான் சுனையைப் பார்க்கிற ஆசையில் இருந்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் பின்னால் கூண்டு இடித்தது. தார்ப்பாய் இடுக்கு வழியாக ஒரு சின்னக் கை வந்து எங்கள் முதுகுப்பக்கக் கண்ணாடியைத் தடவிவிட்டுப் போனது.

காட்டுப் பக்கம் செக்போஸ்ட் இருந்தது. தூரத்திலேயே அதைப் பார்த்த சித்தப்பா வண்டியை வேறு ரோட்டில் திருப்பினார். பார்டரைத் தாண்டி இறக்கிவிட்டால் அர்ஜி எழுதுகிறவன் தமிழில் எழுதிக்கொள்ளட்டும் என்றார். பள்ளிப்பட்டுப் பக்கம் போனோம். கடைப் பலகைகள் தமிழுக்கு மாறின. அங்கே சந்தை நாள், நல்ல கூட்டம். நிறுத்த இடமில்லை. இன்னும் போனோம். பலகைகள் மறுபடியும் தெலுங்குக்கு மாறியதைச் சித்தப்பா கவனித்த மாதிரித் தெரியவில்லை. ஏரிக்கரை ஓரம் ஒரு கல்குன்று, நாலைந்து புளியமரம். அங்கே வண்டியை நிறுத்தினார். சுனையெல்லாம் இல்லை.

இருவரும் கூண்டைப் பிடித்து இறக்கினார்கள். நான் ஒரு பாறை மேல் ஏறி நின்று சுற்றிப் பார்த்தேன். ஏரிக்கு அந்தப் பக்கம், தென்னைகளுக்கு மேலே ஒரு தண்ணீர் டேங்க் தெரிந்தது. நீல நிறம், இடுப்பில் மஞ்சள் பட்டை. லீவுக்குப் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னலில் அந்த மஞ்சள் பட்டையைத்தான் நான் முதலில் தேடுவேன். அது தெரிந்தால் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடலாம்.

“நைனா, அது பெரியம்மா ஊரு டேங்க்கு” என்றேன்.

அம்மாவின் அக்காதான் பெரியம்மா. பாலசமுத்திரத்துக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒன்றரை ஏக்கர் மேட்டு நிலம் இருந்தது. பெரியப்பாவின் அப்பா காலம் வரை அந்த வீட்டில் எல்லோரும் அடுத்தவர் கழனியில் கூலிக்கு இறங்கியவர்கள். பட்டாவில் கிடைத்த முதல் சொந்த மண் அது. பெரியப்பா காய்ச்சலில் போன பிறகு, பெரியம்மா தனி ஆளாக நின்று அதில் வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்தாள்.

நைனாவின் கை கூண்டின் தாழ்ப்பாள் மேல் இருந்தது. அவர் டேங்க்கைப் பார்த்தார். சித்தப்பா, எல்லா ஊர் டேங்க்கும் நீலம்தான் என்று என்னிடம் சொன்னார். பிறகு நைனாவிடம், எட்டு மணிக்கு லோடு ஏற்ற வேண்டும், திரும்பவும் இவற்றைத் தூக்கிக்கொண்டு எங்கே அலைவது என்று கேட்டார். நைனா இன்னொரு தடவை டேங்க்கைப் பார்த்தார். அப்புறம் தாழ்ப்பாளைத் தூக்கினார்.

குரங்குகள் உடனே வெளியே வரவில்லை. ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மூலையில் ஒடுங்கின. சித்தப்பா கூண்டைத் தட்டியதும் மேஸ்திரிதான் முதலில் இறங்கி, நாலு பக்கமும் பார்த்து, தென்னை இருந்த திசையில் நடக்க ஆரம்பித்தது.

வீட்டுக்கு வந்ததும் நான் அம்மாவிடம் டேங்க்கைப் பற்றிச் சொன்னேன். அம்மா தம்பிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். ஊட்டிய கை நின்றது. இதை வெளியில் யாரிடமும் சொல்லக் கூடாது என்று மட்டும் சொன்னாள். மறுநாள் அவள் மாடியில் மிளகாய் காய வைத்தாள். தெருவில் பிள்ளைகள் கையில் தின்பண்டத்தோடு நடந்தார்கள். குழாயடியில் வெளியூர்க்காரர்களைத் திட்டுவதை அம்மா நிறுத்திவிட்டாள். தொல்லை தீர்ந்துவிட்டதால் நிறுத்தினாள் என்று நினைத்தேன்.

ஒரு மாதம் போயிருக்கும். பெரியம்மா காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். கறுத்து, தொண்டை கட்டி, பேச்சே பாதிதான் வந்தது. கழனியில் குரங்கு இறங்கிவிட்டதாம். காய் பிடிக்கிற நேரத்தில் செடியைப் பிடுங்கிப் பிடுங்கிப் போடுகிறதாம். விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரை தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு நிற்கிறாளாம். யாரோ டவுன்காரர்கள் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்களாம்.

“ஒங்க தெருவுல கொரங்கு புடிச்ச கூண்டு ஒண்ணு கீதாமே தம்பி. அத்த குடு, நாலு நாள் வச்சிக்கினு தரேன்” என்று நைனாவிடம் கேட்டாள்.

கூண்டு பின்கட்டில் கோணி மூடி இருந்தது. நைனா அதைத் தூக்கிக்கொண்டு வந்து பெரியம்மா எதிரில் வைத்தார். சித்தப்பா ஏதோ நினைவு வந்தவர் மாதிரி வெளியே போய்விட்டார். அம்மா, ஒரு வாய் சாப்பிட்டுப் போ அக்கா என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பெரியம்மா எல்லோர் முகத்தையும் ஒரு தடவை பார்த்தாள். என்னையும் பார்த்தாள். நான் தம்பியின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட ஆரம்பித்தேன். அது ஏற்கெனவே போட்டுத்தான் இருந்தது.

தசரா லீவுக்கு நான் பெரியம்மா ஊருக்குப் போனேன். அம்மாவுக்கு அனுப்ப மனமில்லை. பெரியம்மாவே போன் போட்டு, துணைக்கு ஆளில்லை, புள்ளையை அனுப்பு என்றாள். நேரே கழனிக்குப் போனோம். குன்றை ஒட்டிய பக்கம் பாதி நிலம் குழி குழியாகக் கிடந்தது. பிடுங்கிய செடிகள் வேர் மேலாகக் காய்ந்திருந்தன. நாங்கள் ஆளுக்கு ஒரு டப்பாவோடு வரப்பில் இங்கும் அங்கும் ஓடினோம். இந்தப் பக்கம் விரட்டினால் அந்தப் பக்கம் இறங்கும். உட்கார்ந்து கஞ்சி குடிக்க முடியாது, நின்றுகொண்டேதான் குடித்தோம். கூண்டு வேப்பமரத்தடியில் இருந்தது. கதவு மூடியபடி, காலியாக. அதில் பழம் வைக்கலாமே என்று கேட்டேன். புடிச்சி எங்க கொண்டு போய் வுடறது, எங்க வுட்டாலும் அங்க ஒருத்தி கடலை போட்டுக்கினுதானே இருப்பா என்றாள்.

மூன்றாம் நாள் மேஸ்திரியைப் பார்த்தேன். கிழிந்த காதோடு வரப்பின் மேல் உட்கார்ந்து, ஒரு செடியின் வேரை விரலால் இழுத்து இழுத்துப் பார்த்தது, எங்கள் தெருவில் பாவு நூலை இழுத்துப் பார்த்தது போலவே. அது என்னைத் தெரிந்துகொண்டுவிட்டது என்று தோன்றியது. பெரியம்மா பக்கத்தில்தான் நின்றாள். என்னால் டப்பாவைத் தட்ட முடியவில்லை.

“பெரியம்மா, நாங்கதான் வுட்டோம்” என்றேன். “நானும் வண்டியில வந்தேன். டேங்க்கப் பாத்து நைனாகிட்ட சொன்னேன்.”

அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் டப்பாவை வரப்பில் வைத்தாள்.

“தெரியும்டி. கூண்ட கொண்டாந்து வச்சப்போ ஒங்க நைனா என் மூஞ்சப் பாக்கல” என்றாள். அப்புறம், “யாராவது ஒருத்தர் வாயத் தொறந்து சொல்லுவீங்கன்னு பாத்தேன்” என்றாள்.

நான் அழ ஆரம்பித்தேன். அவள் என்னைச் சமாதானம் செய்யவில்லை. அதட்டவும் இல்லை. மேஸ்திரி பக்கம் ஒரு மண்கட்டியை எறிந்துவிட்டு, தம்பியின் கை ஆறிவிட்டதா, தழும்பு எவ்வளவு பெரிது என்று கேட்டாள். நான் என் கையில் காட்டினேன். அதன் பிறகு இருவரும் பொழுது சாய்கிற வரை டப்பா தட்டினோம்.

லீவு முடிந்து அவளே என்னைக் கொண்டுவந்து விட்டாள். தப்பிய கடலையில் ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தாள். அம்மா அதை உப்புப் போட்டு வேகவைத்துத் தாம்பாளத்தில் கொட்டினாள். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து உரித்துத் தின்றோம். சித்தப்பாகூட வந்திருந்தார். இந்த வருஷம் எத்தனை மூட்டை கண்டது என்று யாரும் கேட்கவில்லை. கழனியில் நான் சொன்னதை இவள் இப்போது சொல்லிவிடுவாளோ என்று நான் பெரியம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னை இழுத்து மடியில் உட்காரவைத்து, என் தலையைத் தடவியபடி நைனாவிடம் சொன்னாள்.

“தம்பி, இந்தப் புள்ள பொய் சொல்லாத புள்ள.”

நைனா கையில் இருந்த கடலையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து பின்கட்டுக்குப் போனார். வாளியில் தண்ணீர் மொண்டு கை கழுவுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. அம்மா தலையைக் குனிந்துகொண்டு, உரித்த தோல்களையே மறுபடியும் பொறுக்கினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன்: எங்கள் பெரியம்மா எல்லோர் எதிரிலும் என்னைப் புகழ்ந்தாள் என்று.