பஸ்ஸில் ஊர் காட்டும் அய்யாவு

அய்யாவு பஸ்ஸைப் பார்ப்பதில்லை. அதில் ஏறி உட்கார்ந்திருப்பவர்களின் மடியைப் பார்க்கிறார். போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்கு வெளியே கிள்ளான் போகிற பஸ்கள் இரண்டோ மூன்றோ நிற்கும். எல்லாம் ஏழு பேர் உட்காரும் குட்டி வண்டிகள். ஏழாவது ஆள் வந்து உட்காராமல் ஒன்றும் கிளம்பாது. அய்யாவு ஒவ்வொரு வண்டிக்குள்ளும் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு வருவார். "மொத வண்டியில ரெண்டு பேரு வெத்தல போட்டுக்கிட்டு சாஞ்சு உக்காந்திருக்கானுங்க. அவசரமில்லாதவனுங்க. கடைசி வண்டியில ஒரு சீனத்தி மடியில மீன் கூடை இருக்கு. மீனு காத்திருக்காது வாத்தியாரே, நாம அதுலயே ஏறுவோம்" என்பார். நான் சோதித்துப் பார்த்தாயிற்று. கூடைக்காரியே இறங்கி நின்று ஆள் கூப்பிட்டு வண்டியை நிரப்பிவிடுகிறாள்.

பினாங்கிலிருந்து சிங்கப்பூர் போகிற கப்பல்கள் இங்கே அரை நாள், முக்கால் நாள் நிற்கின்றன. வெள்ளைக்காரப் பிரயாணிகளைக் கூட்டிப்போக டாக்ஸிகள் வந்து நிற்கும். மற்றவர்கள் கப்பலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிர்க்கரைக் கண்டல் காட்டையும் சேற்றையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்த மற்றவர்கள்தான் அய்யாவுவின் ஆட்கள். ஏணியடியில் போய் நின்றுகொண்டு, "ஊரு பாக்க வர்றீங்களா? கப்பலு கெளம்பறதுக்குள்ள பத்திரமா கொண்டாந்து விட்டுருவேன்" என்று ஒவ்வொருவரிடமும் ஒரே குரலில் சொல்வார். கொடுப்பதை வாங்கிக்கொள்வார். இவ்வளவு என்று வாய்விட்டுக் கேட்டு யாரும் பார்த்ததில்லை.

வயது ஐம்பதுக்குப் பக்கம். துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு மரப்பெட்டி சரிந்து இடது காலில் விழுந்தது. அன்றிலிருந்து அந்தக் கால் சற்றுப் பின்தங்கியே வரும். ஆனால் கப்பல்காரர்களைக் கூட்டிக்கொண்டு நடக்கும்போது மட்டும் எப்படியோ அவர்தான் முன்னால் போவார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரமாட்டார். "நாந்தான் தெனமும் பாக்கறேனே" என்பார். வழியில் வருகிற எல்லாம் அவருக்குச் சொந்தம். நம்ம ரயில் பாதை, நம்ம அரண்மனை, நம்ம ஆறு. அவருக்குத் தெரியாது என்று ஒன்று கிடையாது. கிள்ளான் பாலத்தின் வயது என்னவென்று யாராவது கேட்டால் உடனே ஒரு பதில் வரும். அடுத்த வாரம் வேறொரு பதில் வரும். நான் ஒரு முறை இதைச் சுட்டிக்காட்டினேன். "பாலம் நல்லாத்தானே இருக்கு, வயசு எதுக்கு வாத்தியாரே?" என்று கேட்டார். பிரிக்பீல்ட்ஸ் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பதினாறு வருஷமாகக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும் நான் அதோடு அவரிடம் கேள்வி கேட்பதை நிறுத்திக்கொண்டேன்.

அந்தப் பாலத்தை அவர் தாண்டமாட்டார். அதற்கு ஒரு காரணம் உண்டு. சில வருஷங்களுக்கு முன் காரைக்கால்காரர் ஒருவரை ஆற்றுக்கு அப்பால் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். திரும்பும்போது பஸ் நிறையவில்லை. இவர்கள் வந்து சேர்ந்தபோது கப்பல் புறப்பட்டுப்போய், புகை மட்டும் தெரிந்ததாம். "மறு கப்பல் வர்ற வரைக்கும் பதிமூணு நாளு நம்ம வீட்லதான் இருந்தாரு. எம் பொண்டாட்டி லெட்சுமி அவருகிட்ட பேசினா, சோறு போட்டா, எல்லாம் செஞ்சா. எங்கிட்டதான் பேசல." இதைச் சொல்லும்போது அவர் சிரிப்பதில்லை. அந்த மனிதருக்குச் சிங்கப்பூரில் காத்திருந்த வேலை கைநழுவிப் போய்விட்டது என்பதைக் கடைசியாக, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொல்வார். அதற்குப் பிறகு ஆற்றின் தென்கரையோடு ஊர் முடிந்தது என்று வைத்துக்கொண்டுவிட்டார்.

சென்ற மார்கழியில், பள்ளிக்கூட விடுமுறையில், இவரைப்பற்றி எழுதலாம் என்று காலை ரயிலேறிப் போயிருந்தேன். விடியற்காலை நல்ல மழை. ஏழு மணிக்குமேல் வெளுத்துவிட்டது. எட்டு மணிக்குக் கப்பல் வந்தது. சாயங்காலம் நாலு மணிக்குப் புறப்பாடு. அன்றைக்கு அவர் பேச்சைக் கேட்டு இறங்கியது ஒரே ஒரு பெண்மணி. இராஜம்மா என்று பெயர், முப்பது வயதிருக்கும். அவருடைய கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்து, பட்டர்வொர்த் குடித்தனத்தைக் கலைத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள். மூட்டை முடிச்சுகளுக்கும் இரண்டு குழந்தைகளுக்கும் காவலாகக் கணவர் கப்பலிலேயே இருந்துவிட்டார். நான் பள்ளிக்கூடத்து வாத்தியார் என்று தெரிந்த பிறகுதான் மனைவியை அனுப்பவே சம்மதித்தார். "நாலு மணிக்கு மேல கப்பலு நிக்காது" என்று மூன்று தடவை சொன்னார்.

கிள்ளான் போகிற வழியில் அய்யாவு ரயில் பாதையைக் காட்டினார், அரண்மனைக் குன்றைக் காட்டினார். இராஜம்மா எதையும் பார்க்கவில்லை. ரப்பர் தோட்டத்துப் பெயர்ப்பலகை ஒன்று வரும்போதெல்லாம், "இதுவா அண்ணே காப்பாரு?" என்று கேட்டார். நாலாவது பலகையில் அய்யாவு பேச்சை நிறுத்திவிட்டு, "காப்பாருல யாரும்மா?" என்றார்.

"தங்கச்சிண்ணே. நல்லம்மா. நாங் கல்யாணமாகி வந்து ஒம்போது வருசமாச்சு. அதுக்கப்புறம் பாக்கவே இல்ல. எங்கம்மா செத்ததுக்குக்கூட வரமுடியல. இனிமே சிங்கப்பூரு போயிட்டா எங்கேருந்து வர்றது?"

கிள்ளான் பாசாரில் இறங்கினோம். அய்யாவு, வழக்கமாகக் கோயிலுக்குத் திரும்புகிற முனையில் நின்று, வெளுத்த வானத்தை ஒரு முறை அண்ணாந்து பார்த்தார். "தோட்டத்துல பதினோரு மணிக்கெல்லாம் ரப்பர் பால் வெட்டு முடிஞ்சிரும். பன்னெண்டுக்குத் திரும்பினா போதும். போயிரலாம்" என்றார். யாருக்குச் சமாதானம் சொன்னாரோ தெரியாது. விறுவிறு என்று பாலத்தில் ஏறிவிட்டார். நடுப்பாலத்தில் அவர் முகத்தைப் பார்த்தேன். கடன் கொடுத்தவன் வீட்டு வாசலைத் தாண்டுகிறவன்போல் நேரே பார்த்துக்கொண்டு நடந்தார்.

காப்பார் பஸ் சீக்கிரமே நிறைந்தது. பத்தரைக்கெல்லாம் காப்பார் கடைத்தெருவில் இறங்கி, தோட்டத்துச் செம்மண் பாதையில் ஒரு மைல் நடந்து ஆபீசுக்குப் போனோம். அங்கேதான் அய்யாவுவின் கணக்கு கவிழ்ந்தது. கப்பல், அலை, வெள்ளம் எல்லாம் அறிந்த துறைமுகத்து மனிதருக்கு மரத்தின் சங்கதி தெரியவில்லை. மழையில் நனைந்த பட்டை காயாமல் பால் வெட்டமுடியாது. அன்றைக்குக் கத்தியை வைத்ததே இரண்டு மணி நேரம் தாமதித்துத்தான்.

ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி கனகசபை யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார். "இப்ப காண ஏலாது. வெட்டு நேரத்திலை வெளியாக்களை உள்ளுக்கு விட்டால் துரை என்னைத்தான் கேப்பார். பால் நிறுக்கேக்க எல்லாரும் இஞ்சைதான் வருவினம். அந்தக் கொட்டகையிலை இருங்கோ" என்றார். பிறகு இராஜம்மாவின் முகத்தைப் பார்த்து என்ன தோன்றிற்றோ, தம்முடைய கூஜாவைத் திறந்து அவரே தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

பதினொன்று அடித்தது. பன்னிரண்டு அடித்தது. அய்யாவு உட்காரவேயில்லை. கொட்டகைக்கும் பாதைக்கும் இடையே காலை இழுத்துக்கொண்டு நடந்தபடி இருந்தார். "இப்பவே திரும்பிடலாமாம்மா?" என்று ஒரு முறை மெதுவாகக் கேட்டார். இராஜம்மா எழுந்திருக்கவில்லை. தங்கைக்காகக் கொண்டுவந்திருந்த ஜாதிக்காய் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். அய்யாவு மறுபடி கேட்கவில்லை.

ஒரு மணிக்குத்தான் ஆட்கள் வந்தார்கள். தோளில் கம்பும் அதன் இரண்டு முனையிலும் பால் வாளியுமாக ஒருவர் பின் ஒருவராக நிறுவைக்கு நின்றார்கள். இராஜம்மா வரிசை நெடுக முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு போய் ஒரு பெண்ணிடம் நின்றார். அந்தப் பெண்ணுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்தபோது அவளால் கம்பை இறக்கிவைக்க முடியவில்லை. வரிசை நகர்ந்துகொண்டிருந்தது, பின்னால் ஆட்கள் நின்றார்கள்.

"அக்கா, தொடாத. கையெல்லாம் பாலு" என்றாள் நல்லம்மாள்.

இராஜம்மா தொட்டார். வரிசையோடு ஓரமாக நடந்துகொண்டே பேசினார்கள். ஒன்பது வருஷப் பேச்சு என்னவாக இருக்கும் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். "எளைச்சுட்டியேடி" என்றார் அக்கா. "நீதான் கறுத்துட்ட" என்றாள் தங்கை. அதற்குமேல் தராசுக்காரர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்.

நிறுவை முடிந்து அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்தபோது மணி ஒன்றரை. சாலை வரைக்கும் கூட வந்தாள். அந்த ஒரு மைலில் பேசலாமே என்றால் அய்யாவு விட்டால்தானே? "நட நட, பேச்சு அப்புறம்" என்று இருவரையும் மாடு ஓட்டுகிற மாதிரி ஓட்டிக்கொண்டு வந்தார். எனக்கு அவர்மேல் கோபமாகக்கூட வந்தது. இரண்டரைக்குள் காப்பாரை விட்டால்தான் கப்பலைப் பிடிக்கமுடியும் என்பது என் மூளைக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் கோபம் வந்தது.

கடைத்தெருவில் ஒரே ஒரு பஸ் நின்றது. நாங்கள் மூன்று பேர் ஏறினோம், வேறு யாரும் இல்லை. வண்டிக்காரச் சீனன் பீடி பற்றவைத்துக்கொண்டு, "பெலும் பெனோ" என்றான், இன்னும் நிறையவில்லை என்று. இரண்டு மலாய்க்காரப் பெண்கள் வந்தார்கள். அதற்குப் பிறகு இருபது நிமிஷம் யாரும் இல்லை. அய்யாவு இறங்கிக் கடைகடையாகப் போய், "கிள்ளான், கிள்ளான்" என்று கூவினார். மளிகைக்கடைக்காரர் ஒருவரை, சரக்கு வாங்க நாளைக்குப் போகலாம் என்று இருந்தவரை, இன்றைக்கே போனால் என்ன என்று பேசிப் பேசி இழுத்துவந்தார். இரண்டே காலுக்கு ஆறு பேர். இரண்டு இருபத்தைந்துக்கு ஒரு கிழவர் சேவலோடு வந்து ஏறினார். வண்டிக்காரன் பீடியை எறிந்துவிட்டு எழுந்தான்.

நல்லம்மாள் வெளியே நின்றுகொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக அக்காவின் கையைப் பிடித்திருந்தாள். இரண்டு பேரும் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எஞ்சின் உறுமிற்று. நல்லம்மாள் கையை விட்டாள்.

அய்யாவு எழுந்து இறங்கினார். எட்டாவது ஆளை ஏற்றினால் வழியில் போலீஸ்காரர் விடமாட்டார், அது எல்லாருக்கும் தெரிந்ததே. "ஏறும்மா" என்றார் நல்லம்மாளிடம். "கப்பலு வரைக்கும் போயிட்டு வா. ஒன்றரை மணி நேரம் இருக்கு, வேணுங்கறத பேசு. ஒன் வீட்டுக்காரருகிட்ட நான் போயி சொல்லிடறேன்."

அவள் தயங்கினாள். அவர் அவள் முழங்கையைப் பிடித்து ஏற்றி, தம்முடைய இடத்தில் உட்காரவைத்தார். பிறகு என்னிடம் குனிந்து, "வாத்தியாரே, அந்தம்மா ஏணியில ஏறி உள்ள போற வரைக்கும் நின்னு பாத்துருங்க. கிள்ளான்ல மடியப் பாத்து வண்டியேறுங்க" என்றார். ஒரு பிரயாணியைத் தாம் கூட இல்லாமல் அவர் அனுப்பியது அன்றைக்குத்தான். அந்தப் பதிமூன்று நாள் விருந்தாளியை நினைத்திருப்பார். நான் எழுந்து, என் இடத்தைக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காப்பாரில் தனியாக நிற்க எனக்கு மனம் வரவில்லை. இதை மறைத்து எழுத வெட்கமாக இருப்பதால் எழுதிவிடுகிறேன்.

வாசகர்கள் பதறவேண்டாம், கப்பலைப் பிடித்துவிட்டோம். நாலு மணிக்கு ஆறு நிமிஷம் இருந்தது. இராஜம்மாவின் கணவர் ஏணித் தலைப்பில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார், திட்டுவதற்குக்கூட அவருக்குத் தெம்பில்லை. வழியெல்லாம் அக்காவும் தங்கையும் பேசிய பேச்சில் செத்துப்போன அம்மா வந்தாள், பிறந்த பிள்ளைகள் வந்தார்கள், பழைய சண்டை ஒன்றுகூட வந்தது. சாயங்காலம் நல்லம்மாளைக் காப்பார் பஸ்ஸில் ஏற்றிவிட்டு நான் ரயிலுக்குப் போனேன். இவ்வளவும் நடந்ததைப் பார்க்கவேண்டியவர் பார்க்கவில்லை.

காப்பாரில் வண்டி நகர்ந்தபோது அவர் கையாட்டுவார் என்று பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். ஆளைக் காணோம். வண்டி வேகம் குறைந்தது. முன்னால் விறகு ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. அய்யாவு அதற்குள் எங்களுக்கு முன்னால் போய், இடது காலை இழுத்துக்கொண்டு அதன் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தார். மாட்டின் மூக்கணாங்கயிற்றை எட்டிப் பிடித்து, இரண்டு கையாலும் ஓரத்துக்கு இழுத்து, நாங்கள் கடந்துபோகும்வரை எங்கள் பக்கம் திரும்பாமல் மாட்டைப் பிடித்துக்கொண்டே நின்றார்.