நான் எழுத்தென்று நினைத்த கட்டம்

மூன்று வருடங்களுக்கு முன், மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்று. கனடாவின் ஸ்காபரோவில் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் நடத்தும் அச்சகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. கல்யாண அட்டை, நினைவு மலர் எல்லாம் நானே வடிவமைப்பேன். அதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

முந்தின நாள் எத்தியோப்பியப் பெண் ஒருவர் வந்திருந்தார். அவருடைய தாயார் இறந்துவிட்டார். சனிக்கிழமை காலை தேவாலயத்தில் இறுதி வழிபாடு. வருகிறவர்கள் சேர்ந்து வாசிப்பதற்காக அம்ஹாரிக் மொழியில் நாலு பக்கம் தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார். தந்தபடியே அடித்துக் கொடுத்திருக்கலாம். இன்னும் வடிவாகச் செய்வோமே என்று இணையத்தில் ஓர் அலங்கார எழுத்துருவைத் தேடி எடுத்து, எல்லாவற்றையும் அதற்கு மாற்றினேன். எனக்கு அந்த மொழியில் ஓர் எழுத்தும் தெரியாது. பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. நூற்றைம்பது பிரதி அடித்து மடித்தும் வைத்துவிட்டேன்.

வெள்ளி மத்தியானம் அவர் வந்தார். முதல் பக்கத்தைப் பார்த்தார். பிறகு தாயாரின் படத்துக்குக் கீழே, முதல் வரியின் தொடக்கத்தில் விரலை வைத்து, "இது என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அங்கே ஒரு சின்னச் சதுரம் இருந்தது.

"உங்கள் எழுத்துத்தானே?" என்றேன்.

"இல்லை. இது வெறும் கட்டம்."

அவர்களுடைய எழுத்துகள் பலவற்றில் வட்டமும் கட்டமும் வரும். அதனால் அதையும் ஓர் எழுத்தென்றே நினைத்துவிட்டேன். அங்கே வரவேண்டியது 'ம்வா' என்று ஒலிக்கும் எழுத்தாம். காலமானவர் என்பதற்கான அவர்களின் சொல் அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது. சொல்லும்போதே அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

சத்தம் கேட்டு அண்ணை உள்ளேயிருந்து வந்தார். "பிள்ளை, உதை ஆர் வாசிச்சுப் பாத்தது?"

"ஒருத்தரும் இல்லை அண்ணை."

"பிறகென்னெண்டு அடிச்சனீர்? சரி, உதுகளைத் தூக்கி அங்கால வையும். அவவைக் கேட்டுக் கேட்டு முதலிலயிருந்து செய்யும்."

எனக்கு அழுகை வந்தது. அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் இருந்தார்.

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. நாம் 'மி' என்று பார்ப்பதைக் கணினி 'ம' என்றும் அதன் தலைமேல் வளையும் விசிறிக் குறி என்றும் இரண்டாகத்தான் வைத்திருக்கும். அவர் எழுதிக் காட்டிய 'ம்வா', அவர்களின் 'மா'வுக்குக் கீழே ஒரு கோடு இழுத்தது போல இருந்தது. அதே மாதிரி அந்தக் கோட்டை ஒட்டிவிடலாம் என்று முயன்றேன். அவர் தலையை ஆட்டினார். அவர்களுக்கு அது ஒட்டு இல்லை, முழு எழுத்து. கணினியிலும் அப்படி ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. அவர் தந்த கோப்பைத் திறந்தேன். அந்த எழுத்து அங்கே பத்திரமாக இருந்தது. நான் தேடிப் பிடித்த எழுத்துருவில்தான் அந்த எண்ணுக்கு உருவம் வரையப்படவே இல்லை. ஒன்றும் தொலைந்துபோகவில்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அவருடைய எழுத்துருவுக்கே எல்லாவற்றையும் மாற்றினேன். அவர் ஒவ்வொரு வரியாக வாய்விட்டு வாசித்தார். மூன்றாம் பக்கத்தில் ஓர் ஊர்ப் பெயர் வந்ததும் நிறுத்தினார். அம்மா அங்கே தேநீர்க் கடை வைத்திருந்தவர், சரியான கோபக்காரி என்று சொல்லிச் சிரித்தார். பின்னேரம் ஐந்து மணிக்கு எல்லாம் தயார். போகும்போது, "நாளைக்கு நீங்களும் வாருங்கள்" என்றார்.

போனேன். பின்வரிசையில் நின்றேன். அத்தனை பேரும் தாளை விரித்து ஒரே குரலில் வாசித்தார்கள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் ஒருவரும் எங்கேயும் தடுக்கி நிற்கவில்லை.

இப்போது எனக்குத் தெரியாத மொழியில் எது வந்தாலும், அதைத் தெரிந்தவரைப் பக்கத்தில் இருத்தி வாசிக்கச் சொல்லாமல் அச்சுக்கு விடுவதில்லை. தாயை இழந்து நின்ற ஒருவர், தவறு செய்த என்னிடம் அவ்வளவு பொறுமையாக இருந்ததை நினைக்கும்போதெல்லாம், மற்றவர்களின் தவறுக்கு முன்னால் நானும் கொஞ்சம் பொறுத்துப் போகப் பழகுகிறேன்.