இடப்பக்கத்துக் கொடி

என் அண்ணன் மாட்டுங்காவில் ஒரு குடும்பத்துக்குப் பத்தொன்பது வருடம் கார் ஓட்டினான். என்னைவிட இரண்டே வயது மூத்தவன் என்பதால், தங்கச்சியாக இருந்தாலும் வா, போ என்றுதான் பேசுவேன். காலையில் அந்த வீட்டுக் குழந்தைகள் இரண்டு பேரையும் பள்ளியில் விடுவான், பிறகு முதலாளியை ஆபீசில் இறக்குவான். ஹார்ன் அடிக்கவே யோசிக்கிற டிரைவர்.

அவனுடைய முதலாளிக்கு ஒரு பொழுதுபோக்கு இருந்தது. மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில், மலை ஏறி மூன்று மணி நேரம் போனால் வரும் ஒரு ரேஸ் ட்ராக்கில் கட்டணம் கட்டித் தன் காரை ஓட்டிப் பார்ப்பார். பந்தயம் இல்லை, பரிசும் கிடையாது. வேகமாக ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் கூடுகிற இடம். ஒரு சனிக்கிழமை அவருடைய நண்பர் வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

"ஒரு இடம் காலியா இருக்கு. உங்க வண்டியையே எடுத்துண்டு வாங்கோ, நீங்க ஓட்டுங்கோ" என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறார்.

அண்ணனிடம் இருந்தது செகண்ட் ஹேண்டில் வாங்கிய சின்னக் கார். ஞாயிற்றுக்கிழமை தாராவியிலிருந்து மாதா கோவிலுக்குப் போகவும், செம்பூரில் இருக்கும் சித்தியைப் பார்க்கவும்தான் அது வெளியே வரும். வேடிக்கை பார்க்க நானும் ஏறிக்கொண்டேன்.

ட்ராக்கில் வண்டியைச் சோதித்தவர், உள்ளே ஆடுகிற எதுவும் இருக்கக் கூடாது என்றார். கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலை, குடை, இரண்டு தேங்காய், என் மகளின் ஒற்றைச் செருப்பு, அரைச் சாக்கு இட்லி அரிசி என்று ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கி வைத்தோம். பக்கத்தில் பளபளவென்று நின்ற கார்க்காரர்கள் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். இரவல் ஹெல்மெட் அவன் தலைக்குச் சின்னது.

"எட்டி, காது மடங்கிட்டு. நீ என்ன சொன்னாலும் இனி எனக்குக் கேக்காது" என்றான்.

"கேட்டாலும் என்னத்தச் செஞ்சிருவ?" என்றேன்.

அன்று எல்லோருக்குமே ஏதாவது நடந்தது. ஒருவருடைய முன் பம்பர் கழன்று ட்ராக்கிலேயே கிடந்தது. ஒருவர் பெட்ரோல் போட மறந்து இரண்டாவது சுற்றிலேயே நின்றுபோனார். அண்ணனை எல்லா வண்டிகளும் முந்திப் போயின; ஒவ்வொன்றுக்கும் அவன் கை காட்டி வழிவிட்டான். ஆனால் முதல் முறை வெளியே வந்தபோது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சட்டை முழுக்க வேர்வை.

"நூத்திப் பத்து போனேம்ட்டி! ஆயுசுல நான் அம்புட்டு வேகம் போனதில்ல."

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி போனான். நான் வளைவுக்குப் பக்கத்தில் கம்பிவேலி ஓரம் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு கார் சுழன்று ட்ராக் நடுவே நின்றுவிட்டது. இடப்பக்கம் நின்ற ஆள் மஞ்சள் கொடியை எடுத்து வீசினார். பின்னால் வந்த இரண்டு கார்களும் வேகத்தைக் குறைத்து ஒதுங்கிப் போயின. மூன்றாவதாக வந்தது அண்ணன். அவன் குறைக்கவே இல்லை. கொடிக்காரர் கொடியைத் தலைக்கு மேல் தூக்கி வீசிக் கத்தினார். நின்ற கார் நேர் எதிரே தெரிந்த பிறகுதான் அண்ணன் ஸ்டியரிங்கை ஒடித்தான். வண்டி சரளையில் இறங்கி, அடுக்கி வைத்த டயர்ச் சுவரில் மோதி நின்றது.

நான் ஓடினேன். அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. வண்டியின் முகம்தான் உள்ளே போய், ரேடியேட்டர் தண்ணீர் தரையெல்லாம் ஓடியது.

"பிரேக் பிடிக்கலட்டி" என்றான்.

முதலாளியிடமும் அதையே சொன்னான். அவர் தோளில் தட்டி, "விடுங்கோ அண்ணா, பழைய வண்டி. ரிப்பேரை நான் பார்த்துக்கறேன்" என்றார். அங்கிருந்த மெக்கானிக் குனிந்து பார்த்தார், பெடலை மிதித்துப் பார்த்தார். என்னிடம் மட்டும் மெதுவாக இந்தியில் சொன்னார், பிரேக் சரியாகத்தான் இருக்கிறதென்று.

வண்டியை டெம்போவில் ஏற்றினார்கள். டிரைவர் கயிறு கட்டும்வரை நாங்கள் இருவரும் ஓரமாக நின்றோம்.

"கொடி தெரியலயா உனக்கு?"

டிரைவர் முடிச்சுப் போடுவதைப் பார்த்தான். பிறகு, "நேரா இருக்கது தெரியும். ஓரத்துல இருக்கதுதான் தெரியாது. இடது கண்ணு ரொம்ப மோசம்" என்றான்.

"எம்புட்டு நாளா?"

"ரெண்டு வருசம் இருக்கும்."

அந்த இரண்டு வருடத்தில் தாராவியின் தொண்ணூறு அடி ரோட்டில் அவன் தன் காரின் இடப்பக்கக் கண்ணாடியை மூன்று தடவை உடைத்திருக்கிறான். ரோட்டைத் திட்டினோம், ரிக்‌ஷாக்காரர்களைத் திட்டினோம். எனக்கு அதெல்லாம் அப்போதுதான் உறைத்தது. கூடவே அந்தக் குழந்தைகள் இருவரும் பின்சீட்டில் பையோடு உட்கார்ந்திருப்பதும்.

"நாளைக்கு அந்த வீட்ல நீ சொல்லுதியா, நான் சொல்லட்டா?"

"வேற வேலை எனக்கு என்னட்டி தெரியும்?" என்றான். அழுதான். நான் விடவில்லை. அன்று ஒரு வார்த்தையாவது ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மறுநாள் காலை அவனே போய்ச் சொன்னான். முதலாளி சத்தம் போடவில்லையாம். "பிரேக்னு ஏன் சொன்னேள்?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். அவருடைய மனைவி சாவியைக் கையில் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாராம். திட்டியிருந்தால் தேவலை என்றான் அண்ணன்.

கண் ஆஸ்பத்திரியில், போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்ற வாழ்நாள் முழுக்கச் சொட்டு மருந்து விட வேண்டும் என்றார்கள். முன்பே வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, அண்ணன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ரிப்பேர் செலவை அண்ணன் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டான். காரைக் கோவண்டியில் ஒரு பழைய இரும்புக் கடைக்காரர் எடுத்துக்கொண்டார். அதைக் கொடுக்க நான்தான் போனேன்.

இப்போது தாராவியில் தோல் பை செய்யும் பட்டறையில் ஜிப் பொருத்துகிறான். கிட்டத்து வேலை என்பதால் கஷ்டமில்லை என்கிறான். மாட்டுங்கா பக்கம் போவதில்லை. சித்தி வீட்டுக்கு பஸ்ஸில் போகிறோம். டிரைவருக்குப் பின்னால் இடம் காலியாக இருந்தாலும் அங்கே உட்கார மாட்டான். கடைசி வரிசைக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். நானும் கூப்பிடுவதில்லை.