ஈஸ்வரி கார் குடித்த ஆயில்

ஈஸ்வரியின் காரைக் கெடுக்கப் பார்த்தவன் நான்தான். ஜமுனாமரத்தூரில் இருபத்திரண்டு வருடமாகப் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் கோபால்சாமி. வேறு யாரோ வந்து உங்களிடம் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

ஈஸ்வரி எங்கள் மலைக்காரி. முப்பத்தாறு வயதில் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, இருந்த ஆடுகளை விற்று ஒரு பழைய டீசல் கார் வாங்கினாள். காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போளூருக்கு இறங்குவாள், சாயங்காலம் ஏறுவாள். 'பொம்பள ஓட்டுற வண்டியில எவன் ஏறுவான்' என்று பல்லைக் காட்டியவர்கள் இப்போது அவளுக்குப் போன் போட்டு இடம் பிடிக்கிறார்கள். அந்தக் கார்தான் அவளுக்குச் சோறு.

வண்டி இரண்டு லட்சத்து அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. "பழைய வண்டி ஆயில் குடிக்கும்மா. வாரத்துக்கு ஒரு வாட்டி ஆயில் அளவு காட்டுற கம்பிய உருவிப் பாரு" என்று சொல்லி வைத்தேன். பார்த்தாள். ஆயில் பாதிக்குக் கீழே இருந்தது. ஊற்றினாள். மறு வாரமும் அப்படியே. மார்கழி வருவதற்குள் நீலப் புகை விட ஆரம்பித்துவிட்டது.

"வயசான இன்ஜினு, இனிமே கெட்டி ஆயில்தான்" என்றேன். வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது பதினைந்து-நாற்பது ரக ஆயில். அதை விட்டுவிட்டு, அதைவிடக் கெட்டியான இருபது-ஐம்பது ஊற்றினேன். தேய்ந்த இன்ஜினில் கெட்டி ஆயில் நின்று பிடிக்கும் என்பார்கள், அது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் மலைக் குளிரில் விடியற்காலை அந்த ஆயில் அசைந்து மேலே போய்ச் சேருவதற்குள் இன்ஜின் கடகடவென்று அடித்துக்கொண்டது. புகையும் நிற்கவில்லை.

"இன்ஜினப் பிரிக்கணும். இல்லன்னா வித்துடு" என்று வாய் கூசாமல் சொன்னேன். பிரிக்க அவளுக்கு வசதி இல்லை. செங்கத்துப் புரோக்கர் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப்போவதாகப் பேச்சு முடிந்தது. அன்று அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் ஒரு போல்ட்டையே வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் வந்தது.

"அண்ணா, போளூர் பங்க்ல நிக்கிறேன். ஆயிலு மேல் கோட்டயும் தாண்டி ரெண்டு வெரல் நிக்குது. இன்னாண்ணா இது?"

"கம்பிய ஒழுங்கா தொடச்சியா?"

"மூணு வாட்டி தொடச்சேன். எனக்கு இன்னா கண்ணு தெரியாதா?"

எரிச்சலோடு போனை வைத்தேன். நிமிர்ந்தால் பட்டறை முன்னால் நாலு வண்டி. நாலும் சரிவில், மூக்கைக் கீழே வைத்து நிற்கின்றன. பேட்டரி காலை வாரினால் உருட்டி ஸ்டார்ட் பண்ண வேண்டுமே, மலையில் எல்லாரும் அப்படித்தான் நிறுத்துவோம். அங்கேயே பானெட்டைத் தூக்கி ஆயிலும் பார்ப்போம். அட கடவுளே! ஆயில் எல்லாம் முன்பக்கம் ஓடிவிடும், கம்பி இருப்பது பின்பக்கம்; நிறைய இருந்தாலும் குறைவாகத்தான் காட்டும். போளூர் பங்க் சமதரை, அங்கேதான் சரியான அளவு தெரிந்திருக்கிறது. சமதரையில் பார் என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம். அது தெரியாதவனா நான்? தெரியும். என் பட்டறையில் சமதரை இல்லை, அவ்வளவுதான். இல்லாத குறைக்கு அவளை ஊற்ற வைத்து ஊற்ற வைத்து, மிஞ்சின ஆயில்தான் எரிந்து புகையாகியிருக்கிறது.

சனிக்கிழமை காரைப் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கொண்டுபோய், இருந்ததையெல்லாம் வடித்து, பதினைந்து-நாற்பதை அளந்து கோட்டோடு நிறுத்தினேன். "தப்பு என்னுதும்மா" என்றேன். "இருபத்திரண்டு வருசமா இத்தத்தான் பண்ணீங்களாண்ணா?" என்று கேட்டாள். நல்லா வேண்டும் எனக்கு.

ஞாயிறு காலை நல்ல பனி. போளூர் போக, வாடிக்கையாக வரும் பாஞ்சாலியும் இன்னும் மூன்று பேரும் மூட்டைகளோடு நின்றார்கள். ஈஸ்வரி சாவியைத் திருகினாள். ஒரே திருகலில் பிடித்துக்கொண்டது. பின்னால் போய் நின்றேன், புகை லேசாக வந்து அடங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் புரோக்கர் கூப்பிட்டார்.

"வராதீங்க, வண்டி குடுக்கறதுக்கில்ல" என்றாள் ஈஸ்வரி. "ஆமாங்க, பழசுதான். பழசுன்னா இன்னாங்க? நான் ஓட்டிக்கறேன்."

போனை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"ஏறுங்கக்கா, நேரமாவுது."