தையல்நாயகியின் கழுத்தும் கலாவதியின் படிப்பும்

எங்கள் குடும்பத்தாரின் பிறப்பு, படிப்பு, திருமணம், மறைவு ஆகியவற்றை எழுதி வைப்பவன் நான். கலாவதியைப் பற்றி உறவினர்கள் சொல்வதை அப்படியே எழுத என் கை மறுக்கிறது. “பிரசவ டாக்டர் ஆகச் சொன்னால் கேட்காமல், தங்கையின் கழுத்தைச் சோதனைக்கு வைத்துப் பாழாக்கியவள்” என்கிறார்கள். யார் பாழாக்கினார்கள் என்பதை நான் எழுதுகிறேன்.

கலாவதி என் சித்தப்பா குப்புசாமியின் மூத்த மகள். பெரிய காஞ்சிபுரத்தில் இரண்டு தறி ஓடிய வீடு. 1956-இல், பட்டு நூலின் பசை போவதற்காகக் கொதித்துக்கொண்டிருந்த சோப்புத் தண்ணீர் அண்டா சரிந்து இளையவள் தையல்நாயகியின் கழுத்திலும் மார்பிலும் கொட்டியது. அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. அண்டா சரிந்ததில் எவர்மீதும் குற்றமில்லை. ஆனால் புண் ஆறும் முன்பே அவளை இராட்டையின் முன் உட்கார வைத்தார்களே, அது குற்றம். தறியில் குறுக்கே ஓடும் ஊடை நூலைத் தார் என்னும் சிறு குழலில் சுற்றித் தர ஆள் வேண்டியிருந்தது. தரையில் அமர்ந்து தலை குனிந்து செய்கிற வேலை. குனிந்தால் வலி குறைகிறது என்று குழந்தையே சொன்னாள். குனிந்தபடியே புண் ஆறியது. முகவாய் நெஞ்சோடு ஒட்டிப்போனது. வீட்டார் அதைத் தலையெழுத்து என்றார்கள். இராட்டையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

விடியற்காலையில், தறியில் நெடுக்காக ஏற்றும் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு விரித்துக் கட்டும்போது அண்டை வீட்டுப் பெண்களும் வந்து கை கொடுப்பது எங்கள் வழக்கம். பெண் தேடுபவர்கள் அங்கேதான் பார்த்துக்கொள்வார்கள். அந்த வேளையில் தையல்நாயகியை வாசலுக்கு விட்டதே இல்லை.

1968-இல் கலாவதி சென்னையில் அறுவைச் சிகிச்சை மேற்படிப்பை முடிக்கும் தறுவாயில் இருந்தாள். பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் சில வாரங்கள் வேலை பார்த்தபோது, தீயில் வெந்து ஒட்டிப்போன ஒரு கொல்லரின் விரல்களைப் பிரித்து, தொடைத் தோலை எடுத்துப் பதித்ததைக் கண்டாள். அந்த மனிதர் மறுபடி சுத்தியல் பிடித்தார். அந்த வாரமே ஊருக்கு வந்து, தானும் அதையே படிக்கப்போவதாகச் சொன்னாள்.

“பிளாஸ்டிக் டாக்டருன்னா இன்னாம்மா வேலை?” என்று கேட்டாள் சித்தப்பாவின் அக்கா பொன்னியம்மாள். “வாளி கீறிப்போனா சூடு வச்சு ஒட்டிக்கினு போறானே, அதுவா?”

“தோல் எடுத்து வச்சுத் தைக்கிறது அத்தே. நம்ம தையலு கழுத்தை நிமித்தலாம்.”

“சினிமாக்காரிங்க மூக்கைச் சரி பண்ணிக்கிற வைத்தியம். நம்ம வூட்டுக்கு எதுக்கு?”

சித்தப்பா தறியை விட்டு எழவில்லை. “பொம்பளை டாக்டருன்னா பிரசவம் பாக்கணும்மா. மாகறல்காரங்க உன்னைப் பொண்ணு கேட்டு வந்துக்கினு இருக்காங்க. அவங்களும் அதைத்தான் சொல்றாங்க.”

“அப்போ தையலு?”

“அவளுக்கு இன்னா கொறை? சோறு துன்றா, தார் சுத்தறா.”

தையல்நாயகி இராட்டையை நிறுத்தினாள். “நான் வரேன்க்கா,” என்றாள், தரையைப் பார்த்தபடி. வேறெங்கும் பார்க்க அவளால் இயலாது.

கலாவதி தங்கையைச் சென்னைக்கு அழைத்துப் போனாள். பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவின் தலைவர் டாக்டர் சீனிவாசன் ஒளிவு மறைவின்றிப் பேசுபவர். “ஆபரேஷன் ஒரு நாள் வேலை. அதுக்கப்புறம் கழட்டாம கழுத்துப் பட்டை ஆறு மாசம். அதை நீ பாத்துக்கணும். கழுத்து நிமிந்தே நின்னா உன் பேரை நானே சிபாரிசு பண்றேன். இல்லேன்னா இந்தப் படிப்பை மறந்துடும்மா.”

அறுவை நன்றாகவே நடந்தது. கட்டிலில் படுத்திருந்த தையல்நாயகி, “அக்கா, மேல ஃபேன் சுத்துது,” என்றாள். முகவாய் முதல் மார்பு வரை பட்டை கட்டி அவளை ஊருக்கு அனுப்பினார்கள். கலாவதிக்குச் சென்னையில் வேலை.

ஆவணி முகூர்த்தங்களுக்குச் சேலைகளை முடிக்க வேண்டியிருந்தது. பட்டையோடு இராட்டையின் முன் குனிய முடியாது. பொன்னியம்மாள் பகலில் பட்டையை அவிழ்த்து, இரவில் மறுபடி கட்டினாள். பாதி நேரம் கட்டினால் பாதியாவது பலன் இருக்கும் என்று கணக்குப் போட்டார்களாம். புதுத் தோல் சுருங்கியது. கலாவதி வந்து பார்த்தபோது தங்கையின் முகவாய் பாதி இறங்கியிருந்தது.

“பாத்தியா, உன் வைத்தியம் இவ்ளோதான்,” என்றார் சித்தப்பா.

அந்தச் சொல்தான் திருமண வீடுதோறும் சுற்றி, இன்று குடும்ப வரலாறாக என்னிடம் வந்து நிற்கிறது. பட்டையை அவிழ்த்த கையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

சீனிவாசனும் கலாவதியை விடவில்லை. “அவுத்துடுவாங்கன்னு உனக்குத் தெரியாதா? உன் வூடுதானே?”

“தெரிஞ்சிருக்கணும் சார். இன்னொரு தரம் பண்ணுங்க. இந்தத் தடவை இராட்டையையும் நானே பாத்துக்கறேன்.”

இரண்டாவது அறுவைக்குப் பிறகு தங்கையை அவள் ஊருக்கு அனுப்பவில்லை. இராட்டையைச் சென்னைக்குக் கொண்டுவந்தாள். வாடகை அறையில் தச்சர் முனிசாமியைக் கொண்டு உயரமான பலகை அடித்து, அதன்மேல் இராட்டையை ஏற்றினாள். தையல்நாயகி நாற்காலியில் அமர்ந்து, பட்டையை அவிழ்க்காமல், நேரே பார்த்தபடி தார் சுற்றினாள். தார்க்கூடை வாரந்தோறும் காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏறியது. தறி ஒரு நாளும் நிற்கவில்லை. அப்படியிருந்தும் ஒரு வாரம் கூடை தாமதமானதற்குச் சித்தப்பா கோபித்துக்கொண்டார். மகளின் கழுத்து எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டதாக எவரும் எனக்குச் சொன்னதில்லை. மாகறல் சம்பந்தமும் விலகிப்போனது. அதையும் கலாவதியின் கணக்கில் எழுதினார்கள்.

ஆறு மாதம் கழித்துச் சீனிவாசன் முன் தையல்நாயகி தலை நிமிர்ந்து நின்றாள். அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நேர்காணலில் ஒருவர், “பெண்களுக்கென்று மகப்பேறு இருக்கும்போது இது எதற்கு?” என்று கேட்டாராம். “வெந்துபோகிறவர்களிலும் பெண்கள்தானே அதிகம்?” என்றாள் கலாவதி. இடம் கிடைத்தது. 1972-இல் பிளாஸ்டிக் சர்ஜனாகத் தேறினாள்.

அடுத்த ஆண்டு தை மாதம் எங்கள் தெருவில் பாவு விரித்தபோது நானும் இருந்தேன். ஒரு முனையைத் தையல்நாயகி பிடித்திருந்தாள். மகனுக்குப் பெண் பார்க்க வந்த ஐயம்பேட்டைக்காரி ஒருத்தி அவளையே கவனித்துக்கொண்டிருந்தாள். பொன்னியம்மாள் முந்திக்கொண்டாள்: “எங்க தம்பி பொண்ணுதாம்மா. இவ அக்கா மெட்ராஸ்ல பெரிய டாக்டரு. பிரசவம் பாக்கறா.”

“இல்லீங்க,” என்றாள் தையல்நாயகி, நூலைத் தளரவிடாமல். “வாளி ஒட்டற டாக்டரு. என் கழுத்தை ரெண்டு தரம் ஒட்டினாங்க. மொத தரம் ஒட்டினதை எங்க அத்தைதான் பிச்சுட்டாங்க.”