உப்பில்லாத குழம்பும் வீங்கிய காலும்

செங்கல்பட்டில் ஒரு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி புடவை விரித்துக் காட்டுவது என் வேலை. சாயங்காலம் புதுப்பட்டினம் பஸ்ஸில் உட்காரும்போது செருப்பு வார் காலில் பதிந்திருக்கும். வீக்கத்தை விரலால் அழுத்தினால் விழுகிற பள்ளம், எழுந்திருக்க மனசில்லாதது போல அப்படியே கிடக்கும்.

"உடம்புல நீர் கோத்திருக்கு, உப்பைக் குறைங்க," என்றார் டாக்டரம்மா. அன்றிலிருந்து குழம்பில் உப்பே போடவில்லை. வீக்கம் வடியவில்லை. மறுபடி போனபோது, என்னதான் சாப்பிடுகிறேன் என்று கேட்டார்.

"உப்பே கெடையாது டாக்டர். சப்புனு கீதேன்னு ரெண்டு துண்டு கருவாடு வறுத்துக்குவேன், அவ்ளோதான்."

அவர் பேனாவை மூடி வைத்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. மீன் வயிற்றில் கல்லுப்பை அடைத்துக் காயப்போடும் வீட்டில் பிறந்தவள் நான். ஆனால் எங்களுக்குக் கருவாடு கருவாடுதான். அதை யார் உப்பென்று நினைத்தார்கள்?

கருவாட்டையும் விட்டேன். பாதி வீக்கம் வடிந்தது. மீதி வடிய, வேலைக்கு நடுவில் உட்காரச் சொன்னார். கடையில் எங்களுக்கென்று ஒரு ஸ்டூல் உண்டு. அதன்மேல் எப்போதும் புடவைக் கட்டுகள் இருக்கும். கீழே இறக்கி வைக்கட்டுமா என்று முதலாளியைக் கேட்டேன்.

"தரையில வெச்சா பொடவை வீணாப் பூடும்மா," என்றார்.